எவருடைய உருவம்?

ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்த நாம், கோவில் வாசலில் மெழுகுதிரி விற்கும் மூதாட்டியிடம் இரண்டு திரிகள் வாங்கினோம். அவர் தந்த மீதியில் ஒரு நாணயம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. “இது செல்லாது பாட்டி, வேற குடுங்க” என்றோம். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, துழாவி, வேறொன்றைத் தந்தார். கோவிலில் நற்கருணை பெற்று வந்த கைதான் அதை வாங்கிக்கொண்டது.

சில நாள் கழித்து, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உரோமை நாணயங்களின் முன் நின்றோம். மிளகுக்கும் மணிக்கற்களுக்கும் விலையாகக் கடல் கடந்து தமிழகம் வந்த காசுகள் அவை. கோவை, கரூர்ப் பகுதிகளில் புதையல்களாகக் கிடைத்தவற்றுள் அகுஸ்து, திபேரியு ஆகிய இரு சீசர்களின் வெள்ளித் தெனாரியங்களே மிகுதி.

திபேரியுவின் தெனாரியத்தில் ஒருபுறம் வாகைமாலை சூடிய அவர் தலை. சுற்றிலும் ‘தெய்வமான அகுஸ்துவின் மகன்’ என்னும் பொருளில் எழுத்துகள். மறுபுறம் கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண்ணுருவம். உடன் ‘தலைமைக் குரு’ என்னும் பட்டம். பரிசேயரும் ஏரோதியரும் இயேசு பெருமானிடம் காட்டிய காசு இவ்வகையே எனப் பலர் கருதுவர். உண்மையான இறைமகன் முன், நித்திய குருவின் முன், அந்தப் பொய்யுரை நீட்டப்பட்டது!

செய்தித்தாள் இல்லாத அக்காலத்தில் பேரரசின் குரல் காசுகளின் வழியே பரவியது. கி.பி. 70இல் எருசலேம் அழிந்த பின்னர், பேரீச்ச மரத்தடியில் அழுதிருக்கும் பெண்ணாக யூதேயாவைச் சித்திரித்து வெஸ்பாசியன் காசு வெளியிட்டார். தோற்றவர்களின் கண்ணீரும் வென்றவருக்கு விளம்பரமாயிற்று.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் 501 உரோமைப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் சீசரின் முகத்துக்குக் குறுக்கே ஆழமான வெட்டு. மீண்டும் நாணயமாகப் புழங்காதபடி வெட்டினர் என்பர் சிலர். முகம் சிதைந்தது, ஆனால் பொன் பொன்னாகவே இருந்தது.

இதை எண்ணியபோதுதான் அந்த மூதாட்டி நினைவில் வந்து நம்மை உறுத்தினார். சீசருக்கு உரியது சீசரின் உருவம் பொறித்த காசு. கடவுளுக்கு உரியதோ அவருடைய சாயலில் படைக்கப்பட்ட மனிதர். வறுமையும் முதுமையும் அச்சாயலின்மேல் எத்தனை வெட்டுகள் இட்டாலும் அதன் மதிப்பு குறைவதில்லை. ஆயினும், உழைத்து ஓய்ந்தோரை ‘செல்லாக்காசு’ என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! ஒரு காசின் தேய்மானத்தைக் கூர்ந்து நோக்கிய நம் கண்கள், அதை நீட்டியவரின் முகத்தை நோக்கவில்லை.

அடுத்த ஞாயிறன்று மன்னிப்புக் கேட்க எண்ணிச் சென்றோம், நா எழவில்லை. தந்த மீதியை எண்ணாமல் வாங்கிக்கொண்டு, அவர் பெயரைக் கேட்டோம். சற்று வியந்து, பிறகு சொன்னார். பல ஆண்டுகளாக அவரிடம் திரி வாங்குகிறோம். பெயரை அன்றுதான் அறிந்தோம்.