அப்பா வாசனை

இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் நெல்சன் என்று ஓர் ஊர். கப்பற்படை நெல்சன் இங்கே பிறக்கவில்லை. அவர் பெயரில் ஒரு விடுதி இருந்தது. அந்தப் பெயர் ஊருக்கே ஒட்டிக்கொண்டது. பழைய பஞ்சாலை ஊர். அநேகமாக எல்லா மில்லும் மூடியாச்சு. மழை மட்டும் இன்னும் ஷிஃப்ட் தவறாமல் வருகிறது.

ஸ்கிப்டனிலிருந்து சைக்கிளில் போனேன். லீட்ஸ்-லிவர்பூல் கால்வாய்க் கரையோடு பாதை. ஃபவுல்ரிட்ஜில் கால்வாய் ஒன்றரை கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் நுழைகிறது. 1912-ல் ஒரு பசு கால்வாயில் விழுந்து, சுரங்கம் முழுக்க நீந்தி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததாம். பிராந்தி ஊற்றித் தெளிய வைத்தார்களாம். நெல்சன் சேர்ந்தபோது எனக்கும் அந்தப் பசுவின் கதிதான். பிராந்தி மட்டும் இல்லை.

கவலை என்னைப் பற்றி அல்ல; ஸீட்டுக்குப் பின்னால் தொங்கிய மெழுகு கான்வாஸ் பையைப் பற்றி. லீட்ஸ் ஆபீஸில் பக்கத்து மேஜை வெள்ளைக்காரனிடம் இரவல் வாங்கியது. "செத்துப்போன எங்கப்பாவோட பை. பத்திரம்" என்று சொல்லித்தான் கொடுத்தான். பை முழுக்கச் சேறு. உள்ளே என் பாஸ்போர்ட்டின் ஓரத்தில் லேசான ஈரம்.

தங்கிய வீட்டு அம்மாளுக்கு எழுபதுக்கு மேல். இந்தப் பக்கம் எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வாலிபர்கள் அவசரப்பட வேண்டாம். பையின் லேபிளைப் பார்த்தார். "இது எங்க ஊர்ப் பிள்ளை, லவ்!" என்றார்.

வில்ஃப் காரடைஸ் 1932-ல் நெல்சனில் தொடங்கிய கம்பெனியின் பை அது. தைத்தவரே லேபிளில் கையெழுத்துப் போடுவது அவர்கள் வழக்கம். இதிலும் மங்கலாக ஒரு பெண் பெயர்.

"வாஷிங் மெஷின், வெந்நீர், சோப்பு... மூணும் ஆகாது. மெழுகு போனா இது வெறும் சாக்கு" என்றார் அம்மாள். பருத்தி நூல் நனைந்தால் உப்பி, நெசவு இடுக்கை அடைத்துக்கொள்ளும். மிச்ச இடுக்கை அடைப்பது மெழுகு. மடிப்பிலும் மூலையிலும்தான் அது முதலில் தேயும்.

அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். சேறு நன்றாகக் காய்ந்ததும் பிரஷ்ஷால் தட்டினேன். பச்சைத் தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்துத் துடைத்தேன். நிழலில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டேன். சைக்கிள் கடையில் கான்வாஸ் மெழுகு ஒரு டப்பா வாங்கி, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளக்கினேன். நேரடி நெருப்பு கூடாது, பற்றிக்கொள்ளும். துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்தேன். தையல், மடிப்பில் கொஞ்சம் தாராளமாக. பிறகு அம்மாளின் ஹேர் டிரையர். சூடு பட்டதும் வெள்ளைப் படிவு உருகித் துணிக்குள் இறங்கியது. மிச்சத்தைத் துடைத்து ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டேன். தோல் வாருக்கு மட்டும் தனி கிரீம்.

திரும்பும்போது மழை ஒரு வஞ்சகமும் வைக்கவில்லை. பை மேல் விழுந்த தண்ணீர் சேம்பு இலையில் உருளுவதுபோல் உருண்டோடியது. பாஸ்போர்ட் மொறமொற.

திங்கட்கிழமை பையைக் கொடுத்தேன். அவன் திறந்து முகர்ந்தான்.

"எங்கப்பா வாசனை" என்றான்.

எனக்கு மெழுகு வாசனைதான் அடித்தது. சொல்லவில்லை.