கரையில் நின்றோர்

ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கே கலீசியா என்னும் பகுதியில், உல்யா ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் கட்டோயிரா என்றொரு சிற்றூர் உண்டு. ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாத முதல் ஞாயிறன்று அவ்வூரை அவ்வூர் மக்களே கொள்ளையிடுகின்றனர்.

ஒரு கோடையில் நாமும் அக்கரையில் நின்றோம். வைக்கிங் கொள்ளையரின் பாய்க்கப்பல்களைப் போலக் கட்டிய கப்பல்கள் நண்பகலில் வந்தன. தோலாடை தரித்தோர் நீரிற் குதித்துக் கூச்சலிட்டவாறு கரையேறினர். உழவர் கோலத்தில் நின்ற ஊரவர் எதிர்த்தனர். குருதிக்குப் பதிலாகச் சிவந்த முந்திரிகை மது எங்கும் வாரியிறைக்கப்பட்டது. பலர் தலையிற் கொம்புக் கவசம். வைக்கிங்குகள் அவ்வாறு அணிந்து போரிட்டமைக்குச் சான்றில்லை. 1876இல் மேடையேறிய வாக்னரின் இசைநாடக உடைகள் பரப்பிய கற்பனை அது. ஆயினும் கொம்பில்லாத கொள்ளைக்காரனைக் குழந்தைகள் ஒப்புவரோ?

கூட்டம் ஆரவாரித்தது. நாமும் கைதட்டினோம். யாருக்காகத் தட்டினோம் என்பது பின்னரே உறைத்தது.

கரையில் இடிந்து நிற்கும் இரு கோபுரங்கள் பழைய கோட்டையொன்றின் மிச்சம். சந்தியாகோ தேவாலயத்தின் செல்வத்தை நாடி ஆற்றுவழியே ஏறிவந்தோரைத் தடுக்கவே அக்கோட்டை நின்றது. 968இல் போர்னெலோஸ் என்னுமிடத்தில் நிகழ்ந்த சமரில் ஆயர் சிஸ்னாந்தோ மாண்டார். அவர் பெயர் ஏட்டில் உண்டு. படையெடுத்து வந்த குந்தெரேதோவின் பெயரும் உண்டு. உடன் மடிந்த உழவரும் மீனவரும் யாவர்? தேவாலயத்துப் பொன் அவர்களுடையதன்று. எரிந்த குடிசைகளே அவர்களுடையவை.

இவ்விழா 1960களின் தொடக்கத்தில், பிராங்கோவின் சர்வாதிகாரத்தின் கீழ்த் தோன்றியது. கலீசிய மொழிக்குப் பள்ளியில் இடமில்லை. இளைஞர் பிழைப்புத் தேடி ஜெர்மனிக்கும் சுவிற்சர்லாந்துக்கும் போய்க்கொண்டிருந்தனர். அக்காலத்தில், தம்மூருக்கும் ஒரு வரலாறு உண்டென நினைத்த சிலர் தொடங்கிய கூத்து இது. 2002இல் சர்வதேச உல்லாசப் பயண விழாவென்ற தகுதி கிடைத்தது. வியாபாரமும் கூடவே வந்தது. அதனைப் பழிக்க நமக்கு மனமில்லை. வெளியூரார் வந்து பணம் செலவிடுவது சிற்றூருக்குச் சிறு காரியமன்று.

சண்டை ஓய்ந்ததும் கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே பந்தியில் அமர்ந்து மட்டி தின்றனர். கொம்பு வைத்தோரைச் சுற்றிப் புகைப்படம் எடுப்போர் நெருக்கியடித்தனர். மதுவில் நனைந்து, சாக்குத்துணி உடுத்து ஓரமாய் நின்ற உழவர் பக்கம் ஒருவரும் படப்பெட்டியைத் திருப்பவில்லை. நாமுந்தான்.