சுக்கு நீரும் சில வினைச்சொற்களும்



சென்ற பள்ளி விடுமுறையில் ஹவாய்த் தீவுகளுக்குச் சென்று திரும்பிய சக ஆசிரியை ஒருவர், ஆசிரியர் அறையில் எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சிறு பொட்டலம் கொடுத்தார். பொட்டலத்தின் மேல் ‘மாமாகி’ என்று அச்சிட்டிருந்தது. காதில் விழுந்தவுடன் ஏதோ உறவுமுறைச் சொல்போல இருந்ததால் எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாகி என்பது காஞ்சொறிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி. ஆனால் தொட்டால் அரிக்காது. ஹவாய்த் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. அத்தீவுகளின் பழங்குடி மக்கள் அதன் பட்டையை ஊறவைத்து அடித்து ‘காபா’ என்னும் மரவுரித் துணி செய்தார்கள். இலையைக் கொதிநீரிலிட்டு, களைப்புற்றவர்களுக்கும் நோயிலிருந்து தேறுபவர்களுக்கும் பருகக் கொடுத்தார்கள். அதில் காஃபீன் இல்லை. ‘கமேஹமேஹா’ என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு இந்தச் செடியின் இலையைத் தின்றுதான் பெரிதும் வளர்கிறது. அந்த வண்ணத்துப்பூச்சி 2009ஆம் ஆண்டு ஹவாயின் மாநிலப் பூச்சியாக அறிவிக்கப்பட்டது. அதற்காக முயற்சி எடுத்தவர்கள் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள்! தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இச்செய்தியைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

தேநீர் எப்படி என்று கேட்பீர்கள். காய்ந்த புல்லின் மணமும் இலேசான இனிப்பும் கொண்ட சாதுவான பானம். சீனரான அந்த ஆசிரியை, “உங்கள் தமிழர்களிடம் இப்படி ஏதும் உண்டா?” என்று கேட்டார். உண்டு, சுக்கு நீர் என்றேன். மறுநாள் ஒரு குடுவையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் மிடற்றிலேயே அவர் முகம் சிவந்தது. “இது மிகவும் ஹீட்டி!” என்றார். சிங்கப்பூரில் வாழ்பவர்களுக்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. நாம் ‘சூடு’ என்போம், மலாய்க்காரர் ‘பானாஸ்’ என்பார், சீனர் ஆங்கிலத்தோடு கலந்து ‘ஹீட்டி’ என்பார். உணவுப்பொருளைச் சூடென்றும் குளிர்ச்சியென்றும் பிரிக்கும் வழக்கம் மூன்று இனத்தாருக்கும் பொது. பிள்ளை பெற்ற தாய்க்கு இஞ்சி தரவேண்டும் என்பதிலும் மூன்று வீட்டுப் பாட்டிமார்களுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

சுக்கு என்பது தோல் நீக்கி வெயிலில் உலர்த்திய இஞ்சியே. ஆயினும் உலர்ந்த இஞ்சி வேறொரு பொருளாகிவிடுகிறது என்பதைப் பழையவர்கள் அறிந்திருந்தார்கள். இன்றைய வேதியியல் அதற்குக் காரணம் கூறுகிறது. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால் என்னும் பொருள். உலரும்போது அதிலிருந்து நீர் மூலக்கூறு நீங்கி, அது ஷோகாலாக மாறுகிறது. (ஜப்பானிய மொழியில் இஞ்சிக்கு ‘ஷோகா’ என்று பெயர்.) ஷோகாலின் காரம் ஜிஞ்சராலைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ‘ஜிஞ்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிச் சென்றாலும் இலத்தீன், கிரேக்கம், பாலி என்று பின்னோக்கிப் போய், இறுதியில் நம் ‘இஞ்சிவேர்’ என்பதையொத்த திராவிடச் சொல்லுக்கே வந்து சேர்வதாக மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். அறிவியல் ஆசிரியரோ அதனை வேர் என்று சொன்னால் மதிப்பெண் தரமாட்டார். அது மட்டநிலத் தண்டு!

நம் இலக்கியத்திலும் சுக்குக்கு இடமுண்டு. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மூன்று மருந்தின் பெயரால் அமைந்தவை. அவற்றுள் நல்லாதனார் இயற்றிய திரிகடுகம், சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த மருந்தின் பெயரைத் தாங்கியது. மருந்தில் மூன்று பொருள் உடல்நோயைத் தீர்ப்பதுபோல, ஒவ்வொரு பாட்டிலும் மூன்று கருத்துகள் அறியாமை நோயைத் தீர்க்கும் என்பது பெயர்க்காரணம். ஏலாதியில் ஆறு பொருள். ஏலம் ஒரு பங்கு என்றால் சுக்கு ஆறு பங்கு. பெயர் ஏலத்துக்கு, வேலை சுக்குக்கு. (எந்த அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார்.) இந்நூல்களைப் பயிற்சிக் காலத்தில் பெயரளவில் மனப்பாடம் செய்தபோது, மாணவர் கையில் ஒரு துண்டு சுக்கைக் கொடுத்து இப்பாடத்தைத் தொடங்கலாமே என்று எங்கள் விரிவுரையாளர் எவருக்கும் தோன்றவில்லை.

அதைத்தான் சென்ற தவணையில் தொடக்கநிலை நான்காம் வகுப்பில் செய்து பார்த்தேன். தேக்காவுக்குச் சென்று, பஃபலோ சாலைப் பக்கம் உள்ள ஒரு மளிகைக் கடையில் நூறு கிராம் சுக்கு வாங்கினேன். தேக்கா நிலையத்துக்கு 1982இல் திறக்கப்பட்டபோது ‘சுஜியாவ்’ நிலையம் என்று பெயர். மக்கள் நாவில் அப்பெயர் ஒட்டாததால் 2000ஆம் ஆண்டு பழைய பெயரே திரும்பி வந்தது. மக்கள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு சொல் பெயர்ப்பலகைக்கே திரும்பிவிடும் என்பதற்கு நான் வகுப்பில் காட்டும் எடுத்துக்காட்டு இது.

சுக்கு வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. வெள்ளை வெளேரென்று இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு ஏற்றியது. மங்கிய பழுப்பு நிறத்தில் இருப்பதை எடுங்கள். புழு துளைத்த ஓட்டை இருக்கக்கூடாது. ஒடித்தால் ‘டக்’கென்று ஒடியவேண்டும். வளைந்தால் ஈரம் வாங்கியிருக்கிறது என்று பொருள். நம் ஊர்க் காற்றுக்கு இறுக மூடிய புட்டியில்தான் வைக்க வேண்டும். மேல்தோலைச் சுரண்டிவிட்டே பயன்படுத்துவது நம் மருத்துவ மரபு. கடுக்காய்க்கு உள்ளிருக்கும் கொட்டையும், சுக்குக்கு வெளித்தோலும் ஆகாதவை என்பார்கள்.

வகுப்பில் அந்தத் துண்டுகளை மாணவர் கையில் கொடுத்து, இது என்ன என்று கேட்டேன். இருபத்திரண்டு பேரில் இரண்டே பேர் சுக்கு என்றனர். ஒருவன் ‘கல்’ என்றான். ஒரு மாணவி முகர்ந்து பார்த்துவிட்டு ‘தே ஹாலியா’ என்றாள். அவள் சொன்னதும் தவறில்லை. ஹாலியா என்றால் மலாயில் இஞ்சி. ‘சரபத்’ கடைகளில் பாலும் தேயிலையும் இஞ்சியும் சேர்த்து ஆற்றித் தரும் அந்தப் பானம் இந்நாட்டு இந்திய முஸ்லிம் கடைக்காரர்களின் கைப்பக்குவம். பிள்ளை மலாய்ப் பெயரின் வழியாகவேனும் இஞ்சியை அடையாளம் கண்டுகொண்டாள். கலங்கவைப்பது மற்ற பதினெட்டுப் பேரின் மௌனமே.

2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்நாட்டுவாசிகளுள் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவதாகக் கூறினர். 2020இல் அது 2.5 விழுக்காடு. இந்த எண்கள் வகுப்பறைக்குள் எப்படி நுழைகின்றன என்பதை ஆசிரியர்கள் அறிவர். பிள்ளைகளுக்குப் பெயர்ச்சொற்கள் ஓரளவு தெரியும். வினைச்சொற்கள்தாம் முதலில் தொலைகின்றன. ‘பாய்ல்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லைக் கொண்டு கொதித்தல், கொதிக்கவைத்தல், காய்ச்சுதல், அவித்தல், வேகவைத்தல் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள். ‘அம்மா பால் கொதித்தார்’ என்று எழுதிய கட்டுரைகள் என் மேசையில் எத்தனையோ!

ஆகவே வீட்டுப்பாடம் இவ்வாறு கொடுத்தேன்: உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் சுக்கு நீர் தயாரிக்கும் முறையைக் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வாருங்கள். இணையத்தில் பார்த்து எழுதக்கூடாது.

பாதிப் பேர் இணையத்தில் பார்த்துத்தான் எழுதி வந்தார்கள். அதைவிடுங்கள். ஒரு மாணவனைப்பற்றிச் சொல்லவேண்டும். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுபவன். ஊரிலிருந்து வந்து அவர்களோடு தங்கியிருக்கும் அவனுடைய அப்பாயிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். இருவரும் ஒரே அடுக்குமாடி வீட்டில் ‘சாப்பிட்டியா’, ‘ம்’ என்ற இரண்டு சொற்களில் காலம் தள்ளிக்கொண்டிருந்ததாக அவனுடைய தாயார் பெற்றோர்–ஆசிரியர் சந்திப்பில் முன்பே சொல்லியிருந்தார். அவன் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். எழுத்துப்பிழைகள் ஏராளம். ஆனால் உள்ளே இருந்த சொற்களைப் பாருங்கள்: ‘சுக்கைத் தட்டணும், மாவா இடிக்கக்கூடாது’, ‘மல்லியை வாசம் வர்ற வரைக்கும் வறுக்கணும், கருகவிடக்கூடாது’, ‘ரெண்டு தம்ளர் தண்ணி ஒண்ணரையா சுண்டணும்’, ‘வடிகட்டி ஆத்தி கொடு’. பேச்சுவழக்காயிற்றே என்று நான் சிவப்பு மையைத் தொடவில்லை. அவற்றைக் கரும்பலகையில் எழுதி, எழுத்துவழக்கை எதிரே எழுதச் சொன்னேன். பிறகு அவற்றையே இணைகளாக்கினோம். நீர் காய்கிறது, நீரைக் காய்ச்சுகிறார். இஞ்சி உலர்கிறது, இஞ்சியை உலர்த்துகிறார். தேநீர் ஆறுகிறது, தேநீரை ஆற்றுகிறார். தன்வினை பிறவினைப் பாடத்தை இருபது ஆண்டுகளாக நடத்துகிறேன். அது ஒரு பாடவேளையில் முடிந்தது அன்றுதான்.

அந்த வாரம் அவனுடைய தாயார் தொலைபேசியில் அழைத்தார். பையன் ஒரு மணி நேரம் அடுப்பருகே அப்பாயியோடு நின்றிருக்கிறான். ‘சுண்டணும்’ என்றால் என்னவென்று புரியாமல் அவன் விழிக்க, அப்பாயி பாத்திரத்தில் கரண்டிக் காம்பை விட்டு நீர் நின்ற மட்டத்தைக் காட்டி, அடுப்பில் வைத்து, மறுபடியும் அளந்து காட்டினாராம். “அத்தை அன்னிக்கு ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டாங்க டீச்சர்” என்றார் அவர்.

செய்முறை கேட்பவர்களுக்கு: ஐம்பது கிராம் சுக்கு, அதே அளவு கொத்தமல்லி விதை, ஒரு தேக்கரண்டி மிளகு, நான்கைந்து ஏலக்காய். மல்லியை மட்டும் இளஞ்சூட்டில் வறுத்து, எல்லாவற்றையும் கொரகொரப்பாக இடித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குவளை நீருக்கு ஒரு தேக்கரண்டித் தூள் போதும். காப்பித்தூள் சேர்ப்பதில்லை. ஆனாலும் சுக்குக் காப்பி என்றே பெயர் நிலைத்துவிட்டது. இனிப்புக்குக் கருப்பட்டி. நம் பிள்ளைகளுக்குக் குலா மலாக்கா தெரியும். அது பெரும்பாலும் தென்னையிலிருந்து வருவது, கருப்பட்டி பனையிலிருந்து வருவது என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். கருப்பட்டி ‘உடம்புக்கு நல்லது’ என்று நான்கு துண்டு போடும் பெற்றோர்களே, அதுவும் சர்க்கரைதான். 2022 டிசம்பர் 30ஆம் தேதி முதல் இங்கே பொட்டலப் பானங்களுக்குச் சர்க்கரை அளவைக் காட்டும் ‘நியூட்ரி–கிரேடு’ எழுத்துத்தரம் வந்திருக்கிறது. வீட்டுப் பாத்திரத்தில் யாரும் எழுத்து ஒட்டமாட்டார்கள். நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எதிலும் தேன் கலந்து கொடுக்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இனிச் சற்றுக் கண்டிப்பான பேச்சு. சுக்கு இல்லாத கஷாயம் இல்லை என்பது பழமொழி. கருவுற்ற பெண்களின் இலேசான குமட்டலுக்கு இஞ்சி உதவுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. அதையும் மருத்துவரைக் கேட்டே எடுக்கவேண்டும். இருமல், சளிக்குச் சுடச்சுடக் குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும். அவ்வளவே. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஆகாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் தாத்தா பாட்டிகள் மருத்துவரிடம் சொல்லாமல் அதிகம் குடிக்கக்கூடாது.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி காய்ச்சலென்று மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டில் சுக்குக் கஷாயமும் நிலவேம்புக் குடிநீரும் மாறி மாறிக் கொடுத்திருக்கிறார்கள். 2012இல் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது அரசே வழங்கிய குடிநீர் அது. அதன் ஒன்பது சரக்குகளில் சுக்கும் ஒன்று. நான்காம் நாள் காய்ச்சல் தணிந்தது. ‘மருந்து கேட்டது’ என்று வீட்டார் நிம்மதி அடைந்தார்கள். டெங்குவில் காய்ச்சல் தணியும் நேரமே ஆபத்தான நேரம். அன்றிரவு ஓயாத வாந்தியும் வயிற்றுவலியும் கண்டு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளை பிழைத்து எழுந்தாள். 2020இல் மட்டும் இந்நாட்டில் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது என்பதை மறக்கவேண்டாம். குழந்தைக்குக் காய்ச்சல் இரண்டு நாளைக்குமேல் நீடித்தால், அல்லது தணிந்தபின் வாந்தி, வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், வழக்கத்துக்கு மாறான சோர்வு என்று எதைக் கண்டாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்தப் பரிசோதனைக்குப்பின் அவர் சம்மதித்தால் சுக்கு நீரை ஆற்றிக் கொடுக்கலாம்.

அடுத்த தவணைக்கு ரசம் வைத்திருக்கிறேன். தாளித்தல், கரைத்தல், நுரைகட்டுதல், இறக்குதல் என்று வினைச்சொற்கள் அதில் இன்னும் அதிகம். பயிற்சித்தாள் வேண்டும் ஆசிரியர்கள் எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன். பாட்டியோ தாத்தாவோ உடன் இல்லாத பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேட்கலாம் என்று இம்முறை தாளிலேயே குறிப்பிட்டிருக்கிறேன்.