எங்க சாளை குடோன் ஆன கதை

எங்க தோட்டத்துக்கு வர்ற மண் தடத்தில் திரும்பினதும் முதலில் கண்ணில் படுறது நீலக் கலர் தகர ஷெட்தான். நாற்பது அடி அகலம், எண்பது அடி நீளம். ஊர்க்காரங்க எல்லாருக்கும் அது ‘குடோன்’. அப்பாவுக்கு மட்டும் இன்னமும் ‘சாளை’.

அவர் சொல்றதிலும் நியாயம் இருக்கு. அதே இடத்தில்தான் எங்க அப்பாரு போட்ட சாளை இருந்தது. கருங்கல் கால் நட்டு, பனஞ்சட்டம் ஏத்தி, நாட்டு ஓடு வேய்ந்தது. ஒரு பக்கம் கட்டுத்தரை, மறுபக்கம் சோளத்தட்டு, நடுவில் மஞ்சள் மூட்டை. சின்ன வயசில் மழை பெய்தால் நாங்க படுத்துக்கிறதும் அங்கேதான்.

அதைப் பிரிச்சுட்டு ஷெட் போட்டதுக்குக் காரணம் மஞ்சள். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போடுறவங்க யாரைக் கேட்டாலும் 2010-ஐப் பற்றிச் சொல்வாங்க. குவிண்டால் பதினஞ்சாயிரத்தைத் தாண்டிய வருஷம். ரெண்டே வருஷத்தில் அது நாலாயிரத்துப் பக்கம் வந்து நின்னது. தக்காளி மாதிரி இல்லை மஞ்சள். நல்லா வேக வைச்சு, காய வைச்சு, ஈரம் படாமல் வைத்தால் ரெண்டு மூணு வருஷம்கூட கெடாது. அதனால விலை இறங்கும்போது விற்காமல் இருக்கலாம். ஆனா எங்கே வைக்கிறது? மண்டியில் வைத்தால் முன்பணம் கொடுப்பாங்க. முன்பணம் வாங்கின பிறகு எப்போ விற்கிறது என்கிற முடிவு நம்ம கையில் இருக்காது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வைத்தால் பொருளீட்டுக் கடன் கிடைக்கும், நல்ல விஷயம்தான். எங்க ஊரிலிருந்து அங்கே கொண்டு போக வண்டி வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சின்ன விவசாயி யோசிப்பான்.

நம்ம தோட்டத்திலேயே ஒரு ஷெட் போட்டு, நம்ம மூட்டையோட பக்கத்துக்காரங்க மூட்டையையும் வாடகைக்கு வைச்சா என்ன என்று தோணுச்சு. செங்கல் சுவர் வைச்சுக் கட்டினால் செலவு தாங்காது. இரும்புத் தூண் ஷெட் என்றால் இருபத்தஞ்சு நாளில் எழும்பிடும். பக்கத்துக்கு ஆறு தூண், மொத்தம் பன்னிரண்டு. தூணைக் குழியில் இறக்கிக் கான்கிரீட் ஊத்தி, மேலே டிரஸ், அதுக்கு மேல பர்லின், அதுக்கு மேல ஷீட். உள்ளே குறுக்கே ஒரு தூண்கூட இல்லாததால் லாரி நேரா உள்ளே வந்து திரும்பலாம். அமெரிக்காவிலும் விவசாயிங்க இப்படித்தான் தூண் நட்டுக் களஞ்சியம் கட்டுறாங்க, அதுக்குப் ‘போல் பார்ன்’ என்று பேர், இப்போ அதையே வியாபாரக் கிடங்காவும் வைச்சுக்கிறாங்க என்று மருமகன் செல்போனில் காட்டினான். அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துட்டு, “நம்ம சாளைதான். மரத்துல போட்டிருக்காங்க” என்றார்.

வரைபடத்தில் குழி ஆழம் அஞ்சு அடி. நான் மூணு அடி போதும் என்றேன். எங்க மண் கெட்டி, கடப்பாரை இறங்காது. தகரம் என்ன கனமா கனக்கப் போகுது? குழியில் மட்டும் 42,000 ரூபாய் மிச்சம். அப்பா குழிக்குப் பக்கத்தில் வந்து நின்னார்.

“கண்ணு, ஒம்போது அடிக் கல்லுன்னா மூணு அடி மண்ணுக்குள்ள போகோணும். உங்க அப்பாரு அப்படித்தான் நட்டாரு.”

“அது கல்லுங்கப்பா. இது கான்கிரீட். புடிச்சுக்கும்.”

அவர் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை.

முதல் வருஷம் படிச்ச பாடம் நிறைய. ராத்திரி குளிரில் தகரம் அடிப்பக்கம் வேர்த்து, விடியக்காலை மூட்டை மேல சொட்டும். கூரையில் சுழல்ற காற்றாடி ரெண்டு வைச்ச பிறகுதான் அது குறைஞ்சது. தரையில் கான்கிரீட்டுக்கு அடியில் பாலித்தீன் விரிக்காமல் விட்டால் ஈரம் கீழேயிருந்து ஏறும். மூட்டையைத் தரையில் வைக்கக் கூடாது, மரக்கட்டைச் சட்டத்து மேல வைக்கணும். சுவர் ஓரம் ஒரு ஆள் நடக்கிற அளவு இடம் விட்டால்தான் எலி வந்து போறது தெரியும். இன்னொண்ணு, கிணத்து மோட்டாருக்கு வர்ற இலவச கரண்டில் இருந்து ஷெட்டுக்கு ஒரு பல்புகூடப் போடக்கூடாது. வாடகைக்கு விடுற இடத்துக்குத் தனி இணைப்பு வாங்கித்தான் ஆகணும்.

ஆறு வீட்டுக்காரங்க மஞ்சள் வைத்தாங்க. ஒரு வியாபாரி மக்காச்சோளம் வைத்தார். எல்லாம் சேர்த்து 412 மூட்டை. அதில் 38 மூட்டை மேற்காலத் தோட்டத்து அக்காவோடது. வீட்டுக்காரர் இல்லாமல் ஒண்ணரை ஏக்கரைத் தனியா பண்ணயம் பார்க்கிறவங்க. ஆடியில் மகளுக்குக் காலேஜ் பணம் கட்டணும், அதுவரைக்கும் இருக்கட்டும் தம்பி என்று சொல்லித்தான் வைத்தாங்க.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள், பொழுதோட மேற்கே கருத்துச்சு. முதலில் காத்து, பிறகு மழை. லாரி வர்றதுக்காக மேற்குப் பக்கம் அடைக்காமல் விட்டிருந்தேன். அந்த வாய் வழியா காத்து உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தள்ளுச்சு. மேலே ஓடுற காத்து மேல்நோக்கி இழுத்துச்சு. ரெண்டும் சேர்ந்ததில் மேற்குக் கோடியில் ரெண்டு தூண் கான்கிரீட்டோட சேர்ந்து, பல்லைப் பிடுங்கின மாதிரி வெளியே வந்துடுச்சு. ஆறு ஷீட் பக்கத்துக் காட்டில் கிடந்தது.

தூணுக்கு அடியில் ஊத்துற கான்கிரீட் கூரையைத் தாங்குறதுக்கு என்றுதான் நான் நினைச்சிருந்தேன். அது கூரையைப் பறக்காமல் பிடிச்சு வைக்கிறதுக்கும்தான். தகரம் லேசு என்று நான் ஆழத்தைக் குறைச்சேன். லேசா இருக்கிறதால்தான் ஆழம் வேணும். அப்பாரோட சாளையில் ஓட்டுப் பாரம் இருந்தும் மூணில் ஒரு பங்கை மண்ணுக்குள்ளே விட்டிருக்கார்.

நனைஞ்சது 61 மூட்டை. அதில் அக்காவோட 38-ம் அடக்கம். காலையில் களத்தில் கொட்டிப் பரப்பினோம். நனைஞ்ச மஞ்சள் எத்தனை காய்ஞ்சாலும் பழைய மஞ்சள் ஆகாது. நிறம் மங்கிப் போச்சு, சிலதில் பூசணம். உடைச்சால் ‘டக்’ என்று வர்ற சத்தம் இல்லை. அக்கா ஒரு விரலியை எடுத்து உடைச்சுப் பார்த்தாங்க. திட்டவும் இல்லை, அழவும் இல்லை.

“வாடகை குடுத்துத்தான வெச்சேன் தம்பி” என்றாங்க. அவ்வளவுதான்.

சொந்த மஞ்சள் நனைஞ்சால் மழை மேல பழி போட்டுட்டுப் போயிடலாம். எத்தனையோ வருஷம் அப்படித்தான் போயிருக்கோம். வாடகை வாங்கிட்டா அந்தப் பேச்சுக்கு இடமில்லை. விவசாயியாவே இருந்து பழகின எனக்கு அது அன்னைக்குத்தான் உறைச்சது. குவிண்டாலுக்கு 1,500 ரூபாய் குறைஞ்சு போச்சு. அறுபத்தொரு மூட்டைக்கும் வித்தியாசத்தைக் கட்டிக் கொடுத்தேன். 59,000 சொச்சம். ஷீட்டுச் செலவு தனி. சரக்குக்கு இன்சூரன்ஸும் எடுத்திருக்கலை. அக்கா பணத்தை எண்ணாமல் வாங்கி முந்தானையில் முடிஞ்சுட்டுப் போனாங்க. எண்ணியிருந்தால் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

அந்த வைகாசியில் பன்னிரண்டு குழியையும் திரும்பத் தோண்டினோம். அஞ்சு அடி. தூணுக்குத் தூண் குறுக்குக் கம்பி போட்டோம். மேற்கு வாயை அடைச்சுக் கதவு வைச்சோம். இன்சூரன்ஸும் போட்டாச்சு. கிடந்த பழைய கல்லுக்கால்களில் நாலை எடுத்து, அப்பா முன்பக்கம் தாழ்வாரத்துக்கு நட்டார். ஆழத்தைத் தன் கோலால் அளந்து பார்த்தார். “நான் அன்னைக்கே சொன்னேன்” என்று இதுவரைக்கும் அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அடுத்த மாசியில் அக்கா வண்டியில் மூட்டையோட வந்தாங்க. வேற எங்கேயாவது வைப்பாங்க என்றுதான் நினைச்சிருந்தேன். இறக்கச் சொல்றதுக்கு முன்னாடி மேற்குக் கோடிக்குப் போனாங்க. தூணை ரெண்டு கையாலும் பிடிச்சு ஆட்டிப் பார்த்தாங்க.

“எத்தனை அடி தம்பி?”

“அஞ்சுங்க்கா.”

அப்பாவைத் திரும்பிப் பார்த்தாங்க. அவர் தலையை ஆட்டினார். அதுக்கப்புறம்தான் முதல் மூட்டை இறங்குச்சு.