120 பவுண்டு காத்து

முசரவாக்கத்துக்குப் பக்கத்தில் பாலுசெட்டிசத்திரம், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை. பஞ்சர் கடையில் பைக்குக்கு 30 பவுண்டு, காருக்கு 33. லாரி வந்து நின்றால் 110, 120.

*

டேங்கில் 120 இருந்தால் டயருக்கு 120 ஏறாது. இரண்டு பக்கமும் சமமாக ஆக ஓட்டம் மந்தமாகி, கடைசிப் பத்து பவுண்டு இழுத்துக்கொண்டே போகும். லாரிக்கு இரட்டைச் சிலிண்டர் கம்ப்ரஸர் வேண்டும். பெரியது முதலில் அமுக்கும். நடுக்குழாயில் சூடு தணியும். சின்னது மறுபடி அமுக்கி 175 வரை ஏற்றும். 120-க்கும் 175-க்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளிக்குத்தான் காசு.

*

அழுத்தம் மட்டும் போதாது, அளவும் வேண்டும். லாரி டயரின் உள்ளே கிட்டத்தட்ட 140 லிட்டர் இடம். அதை 120 பவுண்டுக்குக் கொண்டுவர வெளிக்காற்று ஆயிரம் லிட்டருக்கு மேல் உறிஞ்ச வேண்டும். நிமிடத்துக்கு 140 லிட்டர் தரும் சின்ன மோட்டாரானால் எட்டு நிமிடம், ஒரு டயருக்கு! பத்துச் சக்கர டிப்பர் என்றால் கணக்கு நீங்களே போடுங்கள். பெல்ட் தொய்ந்திருந்தாலும், ஹோஸ் ஒல்லியாக நீளமாக இருந்தாலும் இன்னும் தாமதம். அவசரத்துக்கு மவுத்தின் (வால்வின்) பின்னைக் கழற்றிவிட்டு அடிக்கிறார்கள்.

*

வழியில் கடை இல்லாவிட்டால் டிரைவர்கள் பிரேக் டேங்கிலிருந்தே காத்துப் பிடிப்பதுண்டு. பல வண்டிகளில் அது எட்டு பார் அளவில் நின்றுவிடும். 120 பவுண்டும் அதே எட்டு சொச்சம்தான். கடை வரை ஓட்டிப்போக உதவும், நிரப்ப உதவாது.

*

லாக் ரிங் போட்ட பழைய டிஸ்க்கை நம்பக் கூடாது. வளையம் சரியாக உட்காராமல் காத்து ஏறினால் பீரங்கிக் குண்டுதான். இரும்புக் கூண்டுக்குள் வைத்து அடிப்பதே முறை. கூண்டு உள்ள சாலையோரக் கடையை நான் இன்னும் பார்க்கவில்லை.

*

சூடான டயரில் மீட்டர் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காத்தை இறக்கிவிடுபவர்கள் உண்டு. ஆறியதும் டயர் குறைவாய் நிற்கும்.

*

பின்பக்க ஜோடியில் உள்டயர்தான் ஏமாற்றும். கம்பியால் தட்டிச் சத்தம் கேட்டால் பஞ்சரானது தெரியும். 90-க்கும் 115-க்கும் வித்தியாசம் காதுக்குத் தெரியாது. மவுத்துக்கு நீளக் குழாய் மாட்டி வெளியே எடுத்து வைத்தால் மீட்டர் எட்டும்.