கடைசி ஆள்

என் மகள் வீட்டில் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் அதிசயம். பதினாறு வயது. போன வருடம் பள்ளி ரக்பி அணியின் கோச், விங்கில் ஆடிக்கொண்டிருந்தவளை ஃபுல்பேக் ஆக்கிவிட்டார். "அப்படின்னா என்னடி?" என்று கேட்டேன். "கடைசி ஆள்மா" என்றாள். அவ்வளவுதான் விளக்கம்.

நாங்கள் இருப்பது நியூசிலாந்தின் வெலிங்டனில். நம்மூரில் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையோடு திரிவதுபோல, குளிர்காலம் வந்தால் இங்கே எல்லார் கையிலும் ரக்பி பந்து. அணிக்கு 15 பேர். முன்வரிசை எட்டுப் பேர் முட்டி மோதிக்கொண்டிருக்க, 15-ம் எண் சட்டைக்காரி மட்டும் எல்லோருக்கும் பின்னால் தனியாக நிற்பாள். எதிரணி உயர உதைக்கும் பந்து அவளுக்குத்தான். எல்லோரையும் தாண்டி ஒருத்தி ஓடி வந்தால் மடக்க வேண்டியதும் அவள்தான். அவளும் விட்டுவிட்டால் பின்னால் வெறும் புல்தான்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு கேட்ச் என்றால் உள்ளங்கை. ரக்பியில் அது போதாது. உடம்பை ஒருக்களித்து, முழங்கைகளைச் சேர்த்து, கைக்குழந்தையை வாங்குவதுபோல நெஞ்சோடு வாங்க வேண்டும். ஏன் ஒருக்களிக்க வேண்டும்? கையில் பட்ட பந்து முன்னால் விழுந்தால் குற்றம். ஸ்க்ரம் எதிரணிக்குப் போய்விடும். பக்கவாட்டில் நின்றால், நழுவினாலும் பின்னால் விழ வாய்ப்புண்டு. துள்ளிப் பிடிக்கும்போது ஒரு முழங்காலைத் தூக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். கால் தரையைத் தொடும்வரை அவளை யாரும் டேக்கிள் செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியவர் நன்றாக இருக்கட்டும்!

பயிற்சிக்குப் பந்து போட்டது நான். உதைக்க வராது, கையால்தான் எறிவேன். வெலிங்டன் காற்றைப் பற்றித் தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். முன்னால் எறிந்த பந்து என் தலைக்கு மேலாகத் திரும்பி, எனக்குப் பின்னாலேயே விழுந்த நாட்கள் உண்டு.

பிடிப்பதுகூடப் பழகிவிட்டாள். நிற்கும் இடம்தான் பெரும்பாடு. ஆட்டம் இடப்பக்கம் போனால் அந்தப் பக்கத்து விங் முன்னேறுவாள், வலப்பக்கத்து விங் பின்னால் இறங்குவாள், ஃபுல்பேக் இடப்பக்கம் நகர வேண்டும். கடிகாரத்தின் ஊசல் மாதிரி ஆட்டம் முழுக்க இதே அசைவு. அதற்கு மேல் வாயும் வேண்டும். மற்றவர்கள் முன்னால் பார்த்துக்கொண்டிருக்க, மைதானம் முழுவதும் தெரிவது அவள் ஒருத்திக்குத்தான். எங்கே ஓட்டை, யார் காலியாக நிற்கிறாள் என்று கத்திச் சொல்ல வேண்டும். கோச் யாரிடம் போய் இதைக் கேட்டார் பாருங்கள்!

தன் பக்கத்து 22 மீட்டர் கோட்டுக்குள், எதிரணி உதைத்த பந்தைத் தரையில் படாமல் பிடித்து "மார்க்!" என்று கூவினால் ஆட்டம் நிற்கும், நிதானமாக உதைக்கலாம். ஆனால் கூவ வேண்டும். முதல் மேட்ச்சில் அழகாகப் பிடித்தாள். உதடு அசைந்ததை எல்லைக்கோட்டில் நின்ற நானே பார்த்தேன். ரெஃப்ரியின் காதில் விழவில்லை. அடுத்த நொடி இரண்டு பெண்கள் அவள்மேல் விழுந்தார்கள்.

சீசன் பாதியில் ஒரு டேக்கிள். எதிரே வந்தவளின் இடுப்பில் இவள் தலை மோதியது. ரெஃப்ரி நீல அட்டை காட்டினார். இங்கே அதற்கு, மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் என்று பொருள். அன்றைய ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. பிறகு மூன்று வாரத்துக்காவது மேட்ச் இல்லை. டாக்டர் கையெழுத்து இல்லாமல் மைதானத்துப் பக்கமே போகக் கூடாது.

"போதும், நிறுத்திடலாம்" என்றார் என் கணவர். மனதுக்குள் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி அவளாகவே சமையலறைக்கு வந்து, கடுகு டப்பாவையும் மிளகு டப்பாவையும் மேசையில் வைத்தாள். "இது நான், இது அவ. என் தலை அவளுக்கு முன்னால போயிடுச்சு. பின்பக்கமா போயிருந்தா தோள்தான் பட்டிருக்கும். கால் பக்கத்துல வராம எட்டி நின்னு பாய்ஞ்சேன், அதான்." தலை எந்தப் பக்கம், தோள் எந்தப் பக்கம், கால் எங்கே என்று அரை மணி நேரம் பேசினாள். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. அவளை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

டாக்டர் சரி என்றால் சரி என்று முடிவு செய்தோம். இன்றும் டேக்கிள் வரும்போது என் கணவர் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். ஆனால் ராத்திரியில் அவளோடு உட்கார்ந்து கிறிஸ்டியன் கல்லனின் பழைய ஆட்டங்களைப் பார்ப்பதும் அவர்தான். 58 டெஸ்ட்டில் 46 டிரை எடுத்த ஃபுல்பேக், எங்கள் வெலிங்டன் பக்கத்துக்காரர்.

டாக்டர் அனுமதித்த பிறகு ஆடிய இரண்டாவது மேட்ச்சில் "மார்க்!" எனக்கே கேட்டது. காற்று எதிர்த்திசையில் அடித்தபோதும்.

இப்போது இடது காலால் உதைக்கப் பழகுகிறாள். வலது கால் பக்கத்தை எதிரணி அடைத்துவிடுகிறார்களாம். பந்து வாரத்துக்கு மூன்று முறை பக்கத்து வீட்டு ரோஜாச் செடிக்குள் போகிறது. போய்க் கேட்டு வாங்கி வருவது அவள் பொறுப்பு.