பந்தெறிந்தவர் கற்பித்த பாடம்

எமது கல்லூரி மைதானத்திற் பந்து வீசிய கரம், இருபது ஆண்டுகளாக ஹற்றன் தோட்டப் பாடசாலையொன்றில் வெண்கட்டி பிடிக்கின்றது. சென்ற தவணையிலே பந்துவீச்சில் வல்ல மாணாக்கன் ஒருவன், "ஐயா, பரீட்சையும் போட்டியும் ஒரே நாளில் வருகின்றன, எதற்குப் போவது?" என்று வினவினான்.

எம். ஜே. கோபாலனின் கதையை அவனுக்குக் கூறினேன். 1909 இல் செங்கற்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கத்திற் பிறந்த வேகப்பந்து வீச்சாளர் அவர். 1934 நவம்பர் 4 இல், சேப்பாக்கத்தில், ரஞ்சிக் கிண்ணத்தின் முதற் பந்தை வீசியவரும் அவரே. ஹொக்கியிலும் வல்லவர். 1936 இல் பேர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்துக் கிறிக்கெற் பயணமா என்ற நிலை வந்தபோது கிறிக்கெற்றைத் தெரிந்தார். ஹொக்கி அணி தங்கம் வென்றது. இவருக்கோ அங்கு ஒரு ரெஸ்ற் ஆட்டமும் கிட்டவில்லை. 1934 இற் கல்கத்தாவில் ஆடியதே அவரது ஒரே ரெஸ்ற். ஆயினும், பின்னாளிற் சென்னையும் இலங்கையும் ஆண்டுதோறும் பொருதிய கிண்ணம் அவர் பெயரையே தாங்கியது.

"தெரிவு பிழைக்கலாம், உழைப்புப் பிழையாது, தம்பி" என்றேன்.

பரீட்சைக்கே சென்றான். போகுமுன் தன் பந்தை என் மேசைமீது வைத்துச் சென்றான். அதை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆசிரியப் பயிற்சிக்காக நான் கைவிட்ட பந்தும் அவ்வாறே கனத்தது.